‘பிளர்’ என்றொரு சொல்

சிங்கப்பூரில் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாள், ஒரே ஒரு சொல்லைத் தப்பாகப் புரிந்துகொண்டு, ஓடிக்கொண்டிருந்த அச்சு இயந்திரத்தை நிறுத்திவிட்டேன். நாலு வண்ண ஆஃப்செட் இயந்திரம். பிஸ்கட் டப்பாவுக்கான அட்டை ஓடிக்கொண்டிருந்தது. ஃபோர்மேன் பூன் என் அருகில் வந்து ஏதோ கேட்டார். அவர் சீனர், அறுபதை நெருங்கியவர். இயந்திரச் சத்தத்துக்கு நடுவே அவருடைய ஆங்கிலம் எனக்குப் பிடிபடவில்லை. இரண்டாம் தடவையும் கேட்டார். அப்போதும் நான் முழித்தேன். அவர் குரலை உயர்த்தி, "யூ பிளர் ஆ?" என்றார். அந்த ஒரு சொல் மட்டும் எனக்கு நன்றாகப் புரிந்தது. பாய்ந்துபோய்ச் சிவப்புப் பொத்தானை அழுத்தினேன்.

புரியாமல் என்ன? சிவகாசி அச்சகங்களில் பதினைந்து வருடம் நின்றவன் நான். பட்டாசுப் பெட்டி லேபிள், சாமி காலண்டர், தீப்பெட்டிப் படம் என்று ஓட்டாத வேலை கிடையாது. பிளர் என்ற சொல்லைக் கேட்டாலே எங்கள் கை தானாக இயந்திரத்தை நிறுத்தப் போகும். நாலு வண்ணமும் ஒன்றின்மேல் ஒன்று மயிரிழை பிசகாமல் விழவேண்டும். ஒரு வண்ணம் நகர்ந்தால் போதும், படம் கலங்கிவிடும். அதைத்தான் பிளர் என்போம். ஒரு சீசனில் முருகன் காலண்டர் ஓட்டும்போது சிவப்பு விலகி, சாமியின் உதடு பாதி கன்னத்துக்குப் போய்விட்டது. முதலாளி ஒரு தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "ஏம்ப்பா, சாமி வெத்தல போட்டுட்டுத் துப்ப எடம் தேடுறாரா?" என்று கேட்டார். யாரும் சிரிக்கவில்லை. அந்த லோடு முழுவதும் கழிவுக்குப் போனது.

அந்தப் பயம்தான் என்னை அன்று ஓடவைத்தது. இயந்திரம் நின்றதும் கூடம் அமைதியானது. நான் ஒரு தாளை உருவி மேசையில் விரித்து, லென்ஸை வைத்து மூலைமூலையாகத் தேடினேன். எழுத்துகளெல்லாம் கத்தியால் வெட்டியதுபோல் சுத்தமாக இருந்தன. "வாட் யூ லுக்கிங்?" என்றார் பூன். "பிளர், சார். வேர் பிளர்?" என்றேன்.  அவர் மை படிந்த சுட்டுவிரலால் என் நெற்றியைத் தொட்டு, "ஹியர். ஹியர் பிளர்" என்றார். கூடமே சிரித்தது. மாலையில் விடுதிக்குப் போய்க் கண்ணாடி பார்த்தபோதுதான், நாள் முழுவதும் நெற்றியில் நீல மைப் பொட்டோடு திரிந்திருக்கிறேன் என்று தெரிந்தது.

அந்தச் சொல்லுக்கு எனக்கு அர்த்தம் சொன்னவர் வேலு அண்ணன். மலேசியத் தமிழர், பைண்டிங் பிரிவில் வேலை. சாப்பாட்டு நேரத்தில் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். "அவரு தாளைச் சொல்லலப்பா, உன்னைச் சொன்னாரு. இங்க பிளர்னா குழம்பிப்போயி முழிக்கிற ஆளு. ரொம்ப முழிச்சா, பிளர் சோத்தோங்னு சொல்வாங்க." சோத்தோங் என்றால் என்ன என்று கேட்டேன். கடலில் இருக்கும் கணவாய் என்றார். பயந்தால் கறுப்பு மையைக் கக்கிவிட்டு அந்தக் கலங்கலுக்குள் அது ஒளிந்துகொள்ளுமாம். கரிசல் காட்டில் பிறந்த எனக்குக் கணவாயும் தெரியாது, கடலும் சரியாகத் தெரியாது. ஆனால் மையைக் கொட்டிவிட்டு ஒளிந்துகொள்ள நினைத்த நாட்கள் என் தொழிலில் எனக்கும் உண்டு. அதனால் அந்தப் பிராணிமேல் உடனே ஒரு பிரியம் வந்துவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஃபோன் கார்டைத் தேய்த்து, சிவகாசியிலிருக்கும் என் மனைவி கலாவிடம் இதை வேடிக்கையாகச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "ஏங்க, அங்கன உங்கள வையிறாகளா?" என்று கேட்டாள். இல்லை, இங்கே எல்லாரும் எல்லாரையும் அப்படிச் சொல்வார்கள் என்றேன். "நம்மூர்ல மலங்க மலங்க முழிக்கான்னு சொல்லுவோம்ல, அதுவா?" அதேதான் என்றேன். சொன்ன பிறகு அது சரியா என்று சந்தேகம் வந்தது. மலங்க மலங்க முழிப்பது என்ற பேச்சு எங்கள் வீட்டில் வேடிக்கையாகப் புழங்கியதில்லை. அது என் அக்கா முத்துமாரியைப் பற்றி ஊர் சொன்ன பேச்சு.

எங்கள் வீடு ஆனைக்குட்டம் போகும் வழியில் ஒரு சின்ன ஊரில் இருந்தது. அம்மாவும் அப்பாவும் காட்டுவேலை செய்தவர்கள். மழை பொய்த்த வருடங்களில் அவர்களும் ஊரோடு சேர்ந்து பட்டாசுக் கம்பெனிக்குப் போனார்கள். அக்காவும் வயது வந்ததும் போனாள். அவளுக்கு இருபத்தோரு வயதிருக்கும்போது அவள் வேலை பார்த்த கம்பெனியில் வெடி விபத்து நடந்தது. வெடித்தது அவளுடைய அறைக்கு நாலாவது அறை. அவள் மற்றவர்களோடு ஓடி, வேலி தாண்டி, சாத்தூர் ரோடு வரை வந்துவிட்டாள். உடம்பில் ஒரு சிராய்ப்புகூட இல்லை. அவள் தெருவில் நடந்து வருவதைப் பார்த்ததும் அம்மா மண்ணில் உட்கார்ந்து இரண்டு கையாலும் தரையை அடித்துக்கொண்டு அழுதாள். சந்தோஷத்தில் ஒருவர் அப்படி அழுவதை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை.

மூன்று நாள் கழித்து ஆரம்பித்தது. குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு, அது நிரம்பி வழிவதைப் பார்த்தபடி அக்கா நிற்பாள். சடை பின்ன ஆரம்பித்துப் பாதியில் கையை இறக்கிவிடுவாள். பக்கத்து வீட்டுக்குள் நுழைந்து, அது நம் வீடு என்று நினைத்து அடுப்பைப் பற்றவைக்கப் போவாள். "பொறி கலங்கிருச்சு" என்றார்கள் தெருவில். பொறி என்றால் புலன் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருந்தேன். எங்கள் பக்கம் பொறி என்றால் தீப்பொறி. இரண்டில் எது கலங்கியது என்று யாரும் யோசிக்கவில்லை. டாக்டரிடம் போகலாம் என்று அப்பா ஒரு தடவை சொன்னார். அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்: "மேலத் தெருவுல ரெண்டு வீட்டுல பிள்ளையத் தூக்கிக் குடுத்துட்டு ஒக்காந்திருக்காக. நம்ம பிள்ளைக்கு ஒரு கீறல் இல்ல. நாம எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக?" அதற்குப் பிறகு அந்தப் பேச்சு எழவில்லை.

அடுத்த வருடம் மல்லாங்கிணற்றிலிருந்து மாப்பிள்ளை வந்தது. பருத்திக்காடு வைத்திருப்பவர், தங்கமான ஆள் என்றார்கள். பெண் பார்க்க வந்த அன்று அம்மா என்னைத் தனியே கூப்பிட்டாள். எனக்குப் பத்தொன்பது வயது, அச்சகத்தில் சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. "ஏலே, அக்கா பக்கத்துலயே இரு. அவுக என்ன கேட்டாலும் நீ முந்திக்கிட்டுச் சொல்லு." அப்படியே செய்தேன். "என்ன படிச்சிருக்கீக?" என்று அவர் கேட்டால், "எட்டாப்பு வரைக்கும்" என்பேன். "இப்ப வேலைக்குப் போகலையா?" என்றால், "கல்யாணம் ஆகப்போற பிள்ளைன்னு நிறுத்திட்டோம்" என்பேன். அக்கா தரையைப் பார்த்தபடி இருந்தாள். வெட்கம் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். அந்த ஆவணியிலேயே கல்யாணம் முடிந்தது.

இந்தக் கதையை நான் சிங்கப்பூரில் யாரிடமும் சொன்னதில்லை. அங்கே அந்தச் சொல் அவ்வளவு லேசாகப் புழங்கியது. பஸ்ஸைத் தவறவிட்டால் பிளர். காப்பியில் சர்க்கரை போட மறந்தால் பிளர். ஒரு வருடத்தில் நானும் அதை வாய்நிறையச் சொல்லப் பழகிவிட்டேன். அதற்கு இன்னொரு வழக்கும் உண்டு, ஆக்ட் பிளர். தெரிந்ததைத் தெரியாததுபோல் இருப்பது. சூப்பர்வைசர் ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு ஆள் தேடி வரும்போது அத்தனை பேரும் தாள்கட்டை எண்ணிக்கொண்டு நிற்பார்கள். வேலு அண்ணன் என் காதில், "ஆக்ட் பிளர், ஆக்ட் பிளர்" என்பார். நம் ஊரில் ஒருவர் குழம்பி நின்றால் அவருக்கு என்னவோ ஆகிவிட்டது என்று தெருவே கூடிப் பேசும், பேசிவிட்டு மூடியும் வைக்கும். இங்கே சிரித்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். எது நல்லது என்று எனக்கு அப்போது தெரியவில்லை. சிரிப்பதுதான் நல்லது என்றே நினைத்தேன்.

ஃபோர்மேனை நாங்கள் அங்கிள் என்று கூப்பிட்டோம். காலையில் பிளாஸ்டிக் பையில் கயிறு கட்டிய கறுப்புக் காப்பியோடு வருவார். பை இயந்திரத்தின் கம்பியில் தொங்கும், மதியம் வரை கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சுவார். மனைவி இறந்துவிட்டார். மகள் ஒருத்தி, அவள் வீட்டில்தான் இருந்தார். வேலையில் கறார். இரண்டு பேர் வாக்குவாதம் செய்தால், தாளை வாங்கி ஒரு பார்வை பார்த்து, "மஜெண்டா டூ மச்" என்று முடித்துவிடுவார். மூன்றாம் வருடம் என் வேலை அனுமதி பாஸைப் புதுப்பிக்கும்போது மேலே போய் எனக்காகப் பேசியவர் அவர்தான். என்னிடம் அதைச் சொல்லவே இல்லை. வேலு அண்ணன் சொல்லித்தான் தெரியும்.

அதே வருடம்தான் அவர் நீல வண்ணத்துக்கான அச்சுத் தகட்டைக் கொண்டுபோய்ச் சிவப்பு மை யூனிட்டில் மாட்டினார். நான் பார்த்துவிட்டேன். அவர் காப்பிக்குத் திரும்பிய நேரத்தில் கழற்றிச் சரியான இடத்தில் மாட்டினேன். யாருக்கும் தவறுவதுதான் என்று நினைத்தேன். அடுத்த மாதம் என்னை வேறொரு பெயரில் கூப்பிட்டார். பத்து வருடத்துக்கு முன் வேலையை விட்டுப் போன ஒருவரின் பெயர் அது. ஒரே கேள்வியைக் காலையில் மூன்று தடவை கேட்டார். தன் லாக்கருக்கு முன்னால் நின்றுகொண்டு லாக்கர் எங்கே என்று தேடினார். "அங்கிள் டுடே பிளர் லா!" என்று பையன்கள் சிரித்தார்கள், அவரும் சேர்ந்து சிரித்தார். அந்தச் சிரிப்பில் எல்லாம் சரியாகப் போய்விட்டதுபோல் இருந்தது. தகட்டை மாற்றி மாட்டுவதும், அவர் குறிப்பேட்டில் எழுதிய தப்பான எண்ணைத் திருத்துவதும் என் தினசரி வேலையில் சேர்ந்துகொண்டன.

பிறகு ஒரு நாள் அந்தத் துணி விவகாரம் நடந்தது. ஒரு வேலை முடிந்து அடுத்ததற்கு உருளையைத் துடைத்துக்கொண்டிருந்தோம். தடுப்பைத் திறந்துவைத்து, ஒருவர் துடைக்க, மறுமுனையில் இருப்பவர் பொத்தானை அழுத்தி உருளையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றவேண்டும். துடைப்பவர் கையை எடுத்துவிட்டு "ஓகே" என்று சொன்னால்தான் அழுத்துவோம். அங்கிள் "ஓகே" என்றார். அழுத்தினேன். அவர் ஓகே சொன்னதை அந்த நொடியிலேயே மறந்துவிட்டு மறுபடியும் கையை நீட்டியிருக்கிறார். துணி உள்ளே இழுபடுவது எனக்குத் தெரிந்தது. சிவப்புப் பொத்தானில் விழுந்தேன். உருளை நின்றது. துணியில் பாதி உள்ளேயும் பாதி வெளியேயும் இருந்தது. அவருடைய விரல்கள் அதிலிருந்து ஒரு சாண் தள்ளி இருந்தன, ஐந்தும் முழுசாக.

 அவர் தொங்கிய துணியைப் பார்த்து, "ஹூ புட் திஸ் ஹியர்?" என்று கேட்டார்.  அவர் தன் கையைப் பார்த்தார். கையில் துடைக்கும் எண்ணெயின் ஈரம் இருந்தது. மறுபடியும் துணியைப் பார்த்தார். "ஐ பிளர் ஆல்ரெடி" என்றார். அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து ஆயிரம் தடவை கேட்டிருப்பேன். இந்தக் குரலில் கேட்டதில்லை. என் அக்காவுக்கு அன்று வாய்விட்டுச் சொல்ல முடிந்திருந்தால் இந்தக் குரலில்தான் சொல்லியிருப்பாள்.

அன்று சாயங்காலம் மாடிப்படியில் என்னை நிறுத்தினார். மகளுக்குத் தெரிந்தால் பயப்படுவாள், கம்பெனிக்குத் தெரிந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வது என்று திக்கித் திக்கிச் சொன்னார். கடைசியில், "யூ ஆக்ட் பிளர். கேன்?" என்றார். எனக்காக மேலே போய்ப் பேசியவர். நான் வேறென்ன சொல்வேன்? "கேன், அங்கிள்" என்றேன்.

பத்து நாளில் எனக்கு ஊருக்குப் போக விடுப்பு இருந்தது, மூன்று வாரம். டிக்கெட் எடுத்தாகிவிட்டது. நான் இல்லாத மூன்று வாரம் தகட்டை யார் சரிபார்ப்பார், பொத்தான் முனையில் யார் நிற்பார் என்ற நினைப்போடுதான் விமானம் ஏறினேன். மதுரையில் இறங்கி, விருதுநகர் தாண்டி, சாலையின் இரண்டு பக்கமும் கருவேலம் புதர்கள் தெரிய ஆரம்பித்தபோதும் அந்த நினைப்பு விடவில்லை. கலா இரண்டாம் நாளே கேட்டாள். "ஒடம்பு இங்கன இருக்கு, நெனப்பு எங்கன இருக்கு? யாராச்சும் ஏதும் சொன்னாகளா?" அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "மல்லாங்கிணத்துக்கு ஒரு எட்டுப் போயிட்டு வாங்க. அக்காளப் பாத்து ரெண்டு வருசமாச்சுல்ல" என்றாள். அக்காவின் கதை அவளுக்கும் தெரியும், ஏன் அங்கே போகச் சொல்கிறாள் என்று எனக்குப் புரிந்தது.

நான் போனபோது அத்தான் வாசலில் உட்கார்ந்து மருந்து அடிக்கும் ஸ்பிரேயரைக் கழற்றிப்போட்டுச் சரிசெய்துகொண்டிருந்தார். "வாங்க மாப்ள, வாங்க. சாப்பிட்டீகளா?" என்று ஆரம்பித்து, ஸ்பிரேயரின் குழாயை ஊதிப் பார்த்தார். அக்கா உள்ளே வேலையாக இருந்தாள். கல்யாணமாகி இரண்டு மூன்று வருடத்தில் அவள் மெல்ல மெல்லத் தெளிந்துவிட்டாள். இப்போது நாலு ஆளை வைத்துப் பருத்தி எடுக்கிறாள், அவள் குரல் மூன்று காட்டுக்குக் கேட்கும். நான் அத்தானிடம் அங்கிளைப் பற்றிச் சொன்னேன். சொல்லிக்கொண்டே வந்தவன், எதிர்பாராமல், "அத்தான், அக்காவுக்கு அப்ப அப்படி இருந்தது ஒங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டுவிட்டேன். பதினேழு வருடமாகக் கேட்காத கேள்வி.

அவர் குழாயைக் கீழே வைத்தார். "பொண்ணு பாக்க வந்தன்னைக்கே ஏதோ இருக்குன்னு தெரியும் மாப்ள. நாங் கேட்டதுக்கெல்லாம் நீங்கதான பதில் சொன்னீக. சரி, பயந்த பிள்ளைன்னு நெனச்சேன். அதுல ஒண்ணும் வருத்தமில்ல." நிறுத்திவிட்டுத் தொடர்ந்தார். "தல தீவாளிக்கு ஒங்க வீட்டுக்கு வந்தோம்ல. விடியக்காலம் ஊரே வெடி போடுது. பாத்தா இவளக் காணோம். கட்டிலுக்கு அடியில போயி, சேலைய வாயில அடச்சிக்கிட்டு ஒக்காந்திருக்கா. நா என்னமோ பேய் புடிச்ச பொம்பளையக் கட்டி வச்சிட்டாகன்னு நெனச்சு, கைய ஓங்கிட்டேன் மாப்ள. அடிக்கல. ஓங்கிட்டேன். நீங்க ஒரு வார்த்த சொல்லியிருந்தா, அந்தத் தீவாளிக்கு நா அவள அங்கன கூட்டிட்டே வந்திருக்க மாட்டேனே."

 அக்கா எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. சொம்பில் தண்ணீரோடு நிலைப்படியில் நின்றிருந்தாள். "அன்னைக்கு நீ பேசுனதெல்லாம் எனக்குக் கேட்டுச்சுலே" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. "எனக்கு ஒண்ணும் வெளங்கலன்னு நீங்களா நெனச்சுக்கிட்டீக. அம்புட்டும் வெளங்குச்சு. காதுக்குள்ள ஒரு இரைச்சல், அது நின்னாத்தான் அடுத்து என்னன்னு யோசிக்க முடியும். ஒனக்கு என்னடி செய்யிதுன்னு ஒருத்தரு கேட்டிருந்தாச் சொல்லியிருப்பேன். அம்மா கேக்கல. நீயும் கேக்கல." சொம்பை என் கையில் கொடுத்தாள். "தண்ணியக் குடி. அந்தச் சீனக்காரருக்கு என்ன செய்யிதுன்னு நீ கேட்டயா?"

கேட்கவில்லை. தகட்டை மாற்றி மாட்டினேன், எண்ணைத் திருத்தினேன், வாக்குக் கொடுத்தேன். கேட்கவில்லை.

சிங்கப்பூர் திரும்பிய முதல் நாள் சாப்பாட்டு நேரத்தில் அங்கிள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மூன்று வாரத்தில் பெரிதாக ஒன்றும் நடந்துவிடவில்லை, ஒரு தகடு மட்டும் மாறிப்போய் வேலு அண்ணன் கண்டுபிடித்திருக்கிறார். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், "அங்கிள், இன்சைட், ஹவ்? வாட் ஹேப்பனிங்?" என்று நெற்றியைத் தொட்டுக் காட்டிக் கேட்டேன். அவர் தட்டிலிருந்த சோற்றைக் கரண்டியால் ஒதுக்கிக்கொண்டே இருந்தார். நடந்துகொண்டிருக்கும்போது விளக்கை யாரோ அணைத்து அணைத்துப் போடுவதுபோல் இருக்கிறது என்றார். விளக்கு எரியும்போது எல்லாம் தெரிகிறது. அணைந்த நேரத்தில் என்ன செய்தோம் என்று தெரிவதில்லை. பஸ்ஸில் தன் நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டு, யாரிடமும் கேட்க வெட்கப்பட்டு, கடைசி நிறுத்தம் வரை இரண்டு தடவை போயிருக்கிறார். இதையெல்லாம் அவர் யாரிடமும் சொன்னதில்லை. நான் மெல்ல, மகளிடம் சொல்லவேண்டும் என்றேன். கரண்டியைத் தட்டில் போட்டார். "ஐ டெல் யூ ஆக்ட் பிளர்!" என்றார். "கேனாட், அங்கிள்" என்றேன். எழுந்து போய்விட்டார்.

நாலு நாள் என்னோடு பேசவில்லை. தகட்டை நீட்டுவார், முகத்தைப் பார்க்கமாட்டார். துடைக்கும் வேலை வந்தபோதெல்லாம் நானே முந்திக்கொண்டு துணியை எடுத்தேன், அவர் மறுக்கவும் இல்லை. ஐந்தாம் நாள் வேலை முடிந்து கை கழுவும் இடத்தில் என்னிடம் தன் செல்ஃபோனை நீட்டினார். மகளின் எண் திரையில் இருந்தது. "யூ டாக். ஐ டோன்ட் நோ ஹவ் டு சே" என்றார்.

மகள் பெயர் லின், ஏதோ வங்கியில் வேலை. பதற்றத்தில் எனக்குத் தெரிந்த ஒரே சொல்லால் ஆரம்பித்தேன். "மிஸ் லின், யுவர் ஃபாதர் பிளர்" என்றேன். அந்தப் பக்கம் அவள் சிரித்தாள். அப்பா மற்றவர்களைத்தான் அப்படிச் சொல்வார், இன்று அவரையே ஒருவர் சொல்லிவிட்டாரா என்று கேட்டுச் சிரித்தாள். "நோ, நோ. நாட் தட் பிளர்" என்றேன். அப்படியானால் எந்த பிளர் என்று கேட்டாள். அதற்கு மேல் எனக்கு ஆங்கிலம் இல்லை. அந்த ஊரில் அந்தச் சொல்லைச் சொன்னால் சிரிப்பு வரும், அதற்கடுத்த சொல் எனக்குத் தெரியாது. தமிழில் சொல்லலாம் என்றால், பொறி கலங்குவதை நான் அவளுக்கு எப்படி விளக்குவேன்?  கடைசியில் நடந்ததை மட்டும் ஒவ்வொன்றாகச் சொன்னேன். பிளேட் ராங். நேம் ராங். பஸ், லாஸ்ட் ஸ்டாப், டூ டைம்ஸ். கிளாத், மெஷின் இன்சைட், ஹேண்ட் நியர். அவள் சிரிப்பு எந்த இடத்தில் நின்றது என்று எனக்குத் தெரியாது.  அங்கிள் குழாயைத் திறந்துவிட்டு, ஏற்கெனவே கழுவிய கையை மறுபடியும் கழுவிக்கொண்டிருந்தார்.

"இஸ் ஹி தேர்?" என்று கேட்டாள். ஃபோனை அவரிடம் கொடுத்தேன். ஈரக் கையால் வாங்கிக்கொண்டார். அவர்கள் ஹோக்கியன் சீனத்தில் பேசினார்கள். எனக்கு ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் அவர் தோள் இறங்குவதைப் பார்த்தேன். பல மாதமாகச் சுமந்த ஏதோ ஒன்றை ஒருவர் வாங்கிக்கொண்டதுபோல் இறங்கியது.

மறதி நோய், தொடக்கம்தான் என்றார்கள் மருத்துவமனையில். மருந்து உண்டு, வேகத்தைக் குறைக்கலாம், முழுக்க நிறுத்த முடியாது. கம்பெனி அவருக்கு ஒரு விருந்து வைத்து அனுப்பியது. விருந்தில் எல்லாருக்கும் கைகொடுத்தவர், எனக்குக் கைகொடுக்காமல் கடந்துபோய், பிறகு திரும்பிவந்து என் நெற்றியில் விரலை வைத்தார். ஒன்றும் சொல்லவில்லை. புதிதாக வந்த ஃபோர்மேன் இளைஞர், யாரையும் பிளர் என்று சொல்லாத படித்த ஆள். என் பாஸ் அடுத்த தடவையும் புதுப்பிக்கப்பட்டது. யார் பேசினார்கள் என்று தெரியவில்லை. கேட்கவும் இல்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அவரைப் பார்க்கப் போகிறேன். நான் இருக்கும் இரண்டு மணி நேரத்தில் லின் கடைக்குப் போய்வருவாள். நாங்கள் அடுக்குமாடிக்குக் கீழே திறந்தவெளிப் பெஞ்சில் உட்கார்ந்திருப்போம். சில வாரம் என்னைத் தெரிகிறது, சில வாரம் தெரியவில்லை. ஆங்கிலம் அவரிடமிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருக்கிறது. இப்போது பெரும்பாலும் ஹோக்கியனில்தான் பேசுகிறார். நான் தமிழில் பதில் சொல்கிறேன். அதில் எங்களுக்கு ஒரு சங்கடமும் இல்லை. ஊரிலிருந்து இதைப் படிப்பவர்களுக்கு வேடிக்கையாக இருக்கலாம். இங்கே என்னைப்போல் வந்து நிற்பவர்களுக்குத் தெரியும், மொழி தெரிந்தவர்களோடு பேசுவதைவிட இது எத்தனையோ நாள் எளிதாக இருக்கிறது.

போன வாரம் நாங்கள் அப்படி உட்கார்ந்திருந்தபோது கலாவுக்கு ஃபோன் போட்டேன். அங்கே மதியம். ஸ்பீக்கரில் வைத்திருந்தேன். "அங்கிளு எப்படி இருக்காக? பக்கத்துலயா இருக்காக?" என்று கேட்டாள். குரலைக் கேட்டதும் அங்கிள் என் கையிலிருந்து ஃபோனை வாங்கிக்கொண்டு பேச ஆரம்பித்தார். நீளமாக, நிதானமாக, நடுவே சிரித்துக்கொண்டு. கலா ஒரு நொடி தயங்கினாள். பிறகு, "ம்... அப்படியா? சாப்பிட்டீகளா? மாத்திரையெல்லாம் ஒழுங்காப் போடணும், கேட்டீகளா?" என்றாள். அவர் அதற்கு ஏதோ பதில் சொன்னார். "ஆமா, பின்ன?" என்றாள் இவள். நான் நடுவில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு பேரில் யாரும் என்னிடம் மொழிபெயர்க்கச் சொல்லவில்லை.

அப்போது அந்தப் பக்கம் யாரோ கோயில் பொங்கலுக்குச் சரவெடி போட்டார்கள். எங்கள் தெருமுனையாக இருக்கவேண்டும். கலாவின் குரல் அந்தச் சத்தத்தில் மூழ்கிவிட்டது. அங்கிள் ஃபோனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு, இடி கேட்டவர்போல் வானத்தைப் பார்த்தார். மேகமே இல்லாத வானம். பக்கத்தில் சாய்த்துவைத்திருந்த குடையை எடுத்து விரித்து என் தலைக்குமேல் பிடித்தார். "சத்தம் ஓயட்டும், செத்த இருங்க" என்று கலா கத்துவது கேட்டது. வெடி நிற்கவில்லை. அவர் குடையை இன்னும் கொஞ்சம் என் பக்கம் சாய்த்தார். அவருடைய பாதித் தோள் சிங்கப்பூர் வெயிலில் இருந்தது. நான் நனையாமல் குடைக்குள் உட்கார்ந்திருந்தேன்.